மொதல்ல நம்ம பக்கம்

பையிலிருந்து அவர் முதலில் எடுப்பது மீட்டரைத்தான். கறுப்பு ஒயர் ஒன்று, சிவப்பு ஒயர் ஒன்று. இரண்டின் முனையையும் ஒன்றோடொன்று தொடுவார். பீப் என்று சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் எங்கள் வயர்லெஸ் செட்டின் பக்கம் திரும்புவார். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி தொடுவார். மறுபடி பீப். இப்போதுதானே தொட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"மீட்டர் ஒயரு உள்ளுக்குள்ள அறுந்துருந்தா என்னா ஆவும்? நல்லா இருக்கற பெட்டியப் போயி கெட்டதும்போம். மொதல்ல நம்ம பக்கம் பாத்துக்கணும்ண்ணே."

இந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாத நாள் இல்லை. ஊரில் அவருக்கு பீப் மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். சொந்தப் பேரை எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதக் கூடாது.

எங்கள் ஊர் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது. நான் ஏழாவதோடு சரி. பிறகு கடல். வலை இழுக்கிற வின்ச்சுக் கயிற்றில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போனது. அதற்கப்புறம் ஊர்ப் பஞ்சாயத்தில் என்னைக் கரைச் செட்டில் உட்காரச் சொன்னார்கள். பேசும்போது மைக்கில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குக் கட்டைவிரல் போதும்.

வலை பின்னும் கூடத்துக்கு மேலே ஒரு சின்ன அறை. அதில் வயர்லெஸ் செட்டு, பேட்டரி, ஒரு நாற்காலி. மொட்டை மாடியில் இரும்புக் கம்பம். கம்பத்து உச்சியில் வெள்ளையாக ஒரு நீளக் குச்சி. ஆண்டெனா என்பார்கள், நாங்கள் குச்சி என்போம். எங்கள் விசைப்படகு எல்லாவற்றிலும் ஒரு சின்னச் செட்டு உண்டு. செல்போன் கொஞ்ச தூரம்தான் எடுக்கும். அதைத் தாண்டினால் இந்தச் செட்டுதான். காற்று வருகிறது, திரும்பு என்று நான் சொல்லவும், எஞ்சின் நின்றுவிட்டது, வா என்று அவர்கள் கூப்பிடவும் வேறு வழி கிடையாது.

அவர் முதல்தடவை வந்தபோது எங்கள் செட்டு ஊமையாகக் கிடந்தது. நான் பேசுவேன், ஒருவருக்கும் கேட்காது. முன்னால் பார்த்த மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், பத்து நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டுவார், ஒரு வாரம் பேசும், மறுபடி ஊமை. மூன்று தடவை ஆகிவிட்டது. சிதம்பரத்தில் ஒரு பொம்பளை இந்த வேலை பார்க்கிறார் என்று தலைவர் விசாரித்துக்கொண்டு வந்தார். கூப்பிட்டோம்.

பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார், ஆம்பளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூ, தோளில் கனமான பை. ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் முடியைக் கட்டியிருந்தார். பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் மீன்பிடிக்கிற குடும்பம், பாலிடெக்னிக் படித்தவர் என்று பிறகு தெரிந்தது. வந்து இறங்கியபோது அதெல்லாம் தெரியாது. கூடத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெட்டியை அவர் திறக்கவே இல்லை. அதற்கே என் மச்சானுக்குச் சந்தேகம். மச்சான் என்றால் என் பெண்சாதியின் தம்பி. சொந்தப் படகு, அவனே டிரைவர். வாய் ஜாஸ்தி.

"தெறக்கத் தெரியுமா மாமா, இல்ல வெளிய தொடச்சிட்டுப் போயிடுமா?" என்றான். அவர் காதில் விழும்படிதான் சொன்னான்.

அவர் பேட்டரியைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். மாடிக்குப் போய்க் கம்பத்தடியில் உட்கார்ந்து, கேபிள் இணைகிற இடத்தில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. கத்தியால் கேபிளை ஒரு முழம் வெட்டினார். உள்ளே செம்பு கறுப்பு. இன்னொரு முழம். இன்னும் கறுப்பு. மூன்றாவது முழத்தில் செம்பு புதுப் பைசா மாதிரி இருந்தது. அந்த மூன்று முழத்தையும் கொண்டுவந்து மச்சான் மடியில் வைத்தார்.

"உப்புத்தண்ணி. பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. மூணு தடவையும் அத சும்மாத்தான் தூக்கிட்டுப் போயிருக்காங்க," என்றார்.

மச்சான் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. புது கனெக்டர் போட்டு முடித்து, கடலில் இருந்த ஒரு படகைக் கூப்பிட்டார். கேக்குதா என்றார். கேக்குது கேக்குது என்று பதில் வந்தது. நான் எழுந்துவிட்டேன், வேலை முடிந்தது என்று. அவர் உட்காருங்கள் என்று கை காட்டினார்.

"கேக்குதான்னு கேட்டா எல்லாரும் கேக்குதுன்னுதான் சொல்லுவாங்க. பாதி கேட்டாலும் கேக்குதும்பாங்க. ஒரு கேள்வி கேக்கணும். அதுக்குப் பதில் வரணும்." மைக்கை எடுத்து, வலையில் என்ன மீன் என்று கேட்டார்.

பதிலே வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் படகுக்காரனும் செட்டில் என்ன மீன் என்று சொல்ல மாட்டான். ஊர் முழுக்கக் கேட்கும். பத்துப் படகு அங்கே வந்து நிற்கும். வலை கிழியக் கிழிய மீன் இருந்தாலும் ஒன்றுமில்லை என்பான், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்வான். மீனவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நண்டு வலைதான், நண்டு வலைக்காரர்களுக்குச் செட்டு கிடையாது, அதனால் மறந்துவிட்டேன் என்றார். பிறகு யோசித்து, இன்றைக்குப் படகில் என்ன குழம்பு என்று கேட்டார்.

"வாள மீன் கொழம்பு மேடம். புளி கொஞ்சம் தூக்கலு," என்று பதில் வந்தது. பின்னால் எவனோ சிரிக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப சரி," என்று எழுந்தார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வேலை எதுவானாலும், குழம்பு என்ன என்று கடலிலிருந்து பதில் வராமல் அவர் பையைக் கட்ட மாட்டார். படகுக்காரர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. அவர் குரல் கேட்டால் போதும், கேட்பதற்கு முன்னாலேயே குழம்பைச் சொல்வார்கள். ஒருவன் ஒவ்வொரு தடவையும் சிக்கன் பிரியாணி என்பான். அவன் படகில் ஸ்டவ்வே ரிப்பேர்.

ஒருமுறை சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏதோ ஆலையில் வாக்கி டாக்கிகளைப் பழுது பார்த்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். புவனகிரி வந்ததும் இறங்கிவிட்டார். வாட்ச்மேன் கையில் கொடுத்த ஒன்றிலிருந்து மட்டும் பதில் வாங்கவில்லை என்று ஞாபகம் வந்ததாம். எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்துத் திரும்பப் போய்ப் பதில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது நன்றாகத்தான் வேலை செய்தது என்றார். வீண் அலைச்சல்தானே என்றேன்.

"நல்லாருக்குன்னு தெரிஞ்சிதுல்ல," என்றார்.

ஐஸ் கம்பெனி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் மழைக்காலத்தில் செட்டில் ஓயாமல் கொர்ரென்று இரைச்சல். பக்கத்தில் ஐஸ் கம்பெனி மோட்டார் ஓடுகிறது, அதனால்தான் என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் வெளியூர் ஆள். ஏற்கெனவே தண்ணீர்ச் சண்டை வேறு. இருபது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயார். அந்த நேரம் பார்த்து அவர் வந்தார்.

"போறதுக்கு முன்னாடி மொதல்ல நம்ம பக்கம் பாத்துருவோம்," என்றார்.

இருபது பேரும் படிக்கட்டில் நின்றார்கள். அவர் எங்கள் அறையில் ஒவ்வொன்றாக அணைத்தார். விளக்கு. இரைச்சல் போகவில்லை. ஃபேன். போகவில்லை. சுவரில் என் செல்போன் சார்ஜர் தொங்கியது. திருவிழாக் கடையில் வாங்கியது. அதைப் பிடுங்கினார். இரைச்சல் நின்றது. மாட்டினார். கொர்ர். பிடுங்கினார். அமைதி.

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான்தான் முதலில் சிரித்தான். "ஐஸ் கம்பெனிய ஒடைக்கப் பாத்தியே மாமா, ஒன் சார்ஜர ஒடை," என்றான். வேட்டிகள் இறங்கின.  அவர் சிரிக்கவில்லை. சார்ஜரைச் சுருட்டி என் கையில் கொடுத்து, வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே ஒன்றும் செய்யாது என்றார்.

அவர் முன்னால் நின்றால் நம்ம தப்பெல்லாம் ஞாபகம் வருகிறது என்று மச்சான் சொல்வான். விளையாட்டாகத்தான் சொல்வான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் யாரையும் குறை சொன்னதில்லை. அதுவே ஒரு மாதிரி இருக்கும். திட்டிவிட்டால் நாமும் திட்டலாம். அதற்கு அவர் இடம் கொடுக்க மாட்டார்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சித்திரை முதல் இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். பழுது பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அப்போதுதான். அந்த வருஷம் தடைக்காலத்தில் அவர் வந்து கேபிள் முழுவதையும் மாற்றினார். அவரிடம் முள் வைத்த இன்னொரு மீட்டர் உண்டு. குச்சிக்குப் போகிற சக்தி எவ்வளவு, குச்சி ஏற்காமல் திருப்பி அனுப்புவது எவ்வளவு என்று காட்டும். அன்றைக்குத் திரும்பி வந்தது ஒன்றுமே இல்லை. முள் தூங்கியது.

ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. கடலில் படகு இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லை.

"தடை முடிஞ்சு மொத நாள் வந்து ஒரு பதில் வாங்கிட்டுப் போறேன்ண்ணே," என்றார்.

இதற்காகச் சிதம்பரத்திலிருந்து வர வேண்டுமா, நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். குழம்பு கேட்க எனக்குத் தெரியாதா என்றும் சொன்னேன். அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சரிண்ணே. தூரத்துல இருக்கற போட்டுகிட்ட கேளுங்க. கிட்டக்க இருக்கறது எப்பவும் கேக்கும்."

கேட்கிறேன் என்றேன். போனார்.

பத்து நாள் கழித்து மச்சான் படகுக்குப் பெயிண்ட் அடித்து முடித்தார்கள். டின்னில் சில்வர் பெயிண்ட் மிச்சம் இருந்தது. மாடிக் கம்பம் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. எல்லாப் படகும் புதுசாக நிற்கும்போது ஊர்க் கம்பம் மட்டும் இப்படி இருக்கலாமா என்று தோன்றியது. ஏறினேன். கம்பத்துக்கு அடித்தேன். உச்சிக்குப் போனால் குச்சியும் வெளுத்து, காக்காய் எச்சத்தோடு இருந்தது. அதற்கும் அடித்தேன். பிரஷ்ஷில் இருந்ததைத் தீர்க்க இரண்டாவது கோட்டும் அடித்தேன். வெயிலில் ஊர் முழுக்கத் தெரிந்தது. தலைவர் கீழே நின்று பார்த்து, பளபளன்னு இருக்குது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில்வர் பெயிண்டில் அலுமினியத் தூள் இருக்கிறது. குச்சியின் மேல் அதைப் பூசுவது வாய் மேல் தகரம் வைத்துக் கட்டுவது மாதிரி. எனக்கு அது தெரியாது.

தடை முடிந்தது. முதல் நாள் காலை படகுகள் முகத்துவாரத்தைத் தாண்டும்போதே ஒருவனைக் கூப்பிட்டேன். என்ன குழம்பு என்றேன். இனிமேல்தான் வைக்கணும், கருவாடும் கத்திரிக்காயும் என்றான். தெளிவாகக் கேட்டது. அவன் என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தான். அதோடு விட்டேன். தூரத்தில் கேட்கச் சொன்னது ஞாபகம் இருந்தது. மத்தியானம் கேட்கலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வீட்டில் விருந்தாளி.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. பலமான காற்று, படகுகள் கரைக்குத் திரும்ப வேண்டும். நான் கூப்பிட ஆரம்பித்தேன். கிட்டத்தில் இருந்தவர்கள் பதில் சொல்லித் திரும்பினார்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு, ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தது. மச்சான் படகு மட்டும் எல்லோருக்கும் அப்பால், மற்ற படகுகளின் சின்னச் செட்டு எட்டாத தூரத்தில், வடகிழக்கே இருந்தது. ஆறு பேர். பதில் இல்லை. இரண்டு மணி வரை கட்டைவிரல் வலிக்கக் கூப்பிட்டேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்து காற்று அடித்தது. மாடித் தகரம் ஒன்று பறந்தது.

என் பெண்சாதி அறை வாசலில் வந்து நின்றாள். 

"அவன் செட்ட ஆஃப் பண்ணிட்டு போன்ல பாட்டு கேட்டுட்டுருப்பான்," என்றேன். கீழே கூடியிருந்தவர்களிடமும் அதையே சொன்னேன். நான்கைந்து தடவை சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் மச்சான் படகு வந்தது. கேபின் கூரை இல்லை. ஒருவனுக்குத் தோள் எலும்பு உடைந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சான் நேராக மாடிக்கு வந்தான். உப்பு காய்ந்து முகம் வெள்ளையாக இருந்தது.

"ஏன் மாமா கூப்புடல?"

கூப்பிட்டேன் என்றேன். உன் செட்டு ஆஃபில் இருந்திருக்கும் என்றேன்.

"நிமிசத்துக்கு நிமிசம் காத வச்சிக் கேட்டேன் மாமா. செட்டு கரகரன்னுது. அவ்ளோதான். நான் கூப்ட்டதும் ஒனக்குக் கேக்கல." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை பீப் மேடம் வந்தார். மீட்டர் முனைகளைத் தொட்டார். பீப். முள் மீட்டரை மாட்டிப் பொத்தானை அழுத்தச் சொன்னார். முள் எகிறியது. போனதில் முக்கால்வாசி திரும்பி வந்தது. கேபிளைப் பார்த்தார், நன்றாக இருந்தது. தான் போட்ட கனெக்டரைப் பிரித்துப் பார்த்தார், அதுவும் நன்றாக இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு கம்பத்தில் ஏறினார். நான் அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடியில் வேறு ஆள் இல்லை.

உச்சியில் நகத்தால் சுரண்டினார். இறங்கி வந்து விரலைக் காட்டினார். நகத்துக்குள் சில்வர்.

யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். இதில் அலுமினியம் இருக்குது, குச்சிக்கு ஆகாது என்றார். தின்னரும் துணியும் கேட்டார். நான்தான் கொண்டுவந்தேன். பெயிண்ட் வைத்திருந்த அதே மூலையிலிருந்து. ஒரு மணி நேரம் உச்சியில் நின்று வெள்ளை தெரிகிற வரைக்கும் துடைத்தார். இறங்கினார். முள் தூங்கியது. பிச்சாவரத்துக்கு நேர் கிழக்கே ரொம்ப தூரத்தில் இருந்த ஒரு படகு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றது.

மூன்று மணிக்குக் கூடத்தில் பஞ்சாயத்து உட்கார்ந்தது. தோள் உடைந்தவனின் அம்மாவும் வந்திருந்தார். மேடம் நின்றுகொண்டே பேசினார்.

"தடைக்காலத்துல வந்து சரி பண்ணிட்டுப் போனேன். கடல்லேருந்து பதில் வாங்கல. பதில் வாங்காம சரின்னு சொல்லிட்டுப் போனது என் தப்புதான்."

கெட்டுப்போனது எது என்று தலைவர் கேட்டார்.

"உச்சியில இருக்கற குச்சி. நான் பாத்தன்னிக்கி அது நல்லாருந்துது. அதுக்கப்பறம் கெட்டுருக்கு."

அதற்கு மேல் சொல்லவில்லை. நிறுத்தினார். மைக்கில் பேசிவிட்டுப் பொத்தானை விட்டால் ஒரு நிமிஷம் காத்திருப்போம், அடுத்தவர் பேசட்டும் என்று. அந்த மாதிரி நின்றார். யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். 

நான் பேசவில்லை. மச்சான் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தோள் உடைந்தவனின் அம்மா எனக்குப் பக்கத்தில். இந்த ஊரில் எனக்கு இருப்பது அந்த நாற்காலி ஒன்று. மூன்று விரல் போனவனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள். இதெல்லாம் அப்போது நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. வாய் திறக்கவில்லை. அது தெரியும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். படித்தவங்களே இப்படிச் செய்தால் எப்படி என்றார். தோள் உடைந்தவனின் அம்மா, எம்புள்ள செத்திருந்தா என்னா பண்ணுவ தாயி என்று கேட்டார். மேடம் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். இனிமேல் புதுச்சேரியிலிருந்து ஆள் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பையை நான் தூக்கிக்கொண்டேன்.  பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டேன்.

"பெயிண்டப் பத்தி ஏன் சொல்லல மேடம்?"

"அது ஒங்க பக்கம்ண்ணே. நான் என் பக்கத்தத்தான் சொன்னேன்."

பையை வாங்கிக்கொண்டு ஏறினார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. என் பாரத்தை என்னிடமே வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோபத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அது உதவியது.

புதுச்சேரி ஆள் வந்தார். அவர் எது கேட்டாலும் உங்கள் படகில்தான் கோளாறு என்பார். எங்கள் ஊருக்கு அது பழகிப்போயிற்று. செட்டில் குழம்பு கேட்பது நின்றது. என் பெண்சாதி மட்டும் ஒருநாள் சோறு போடும்போது, அந்தம்மா அப்படி விட்டுட்டுப் போற ஆளாத் தெரியல என்றாள். நான் ரசம் கேட்டேன்.

அடுத்த தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையில். மச்சான் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். தலைவர் வந்து நின்றார். கையில் புது டின். சில்வர்.

"கம்பத்துக்கும் அடிச்சிருப்பா. போன வருசம் அடிச்ச மாரியே உச்சி வரைக்கும் பளபளன்னு அடி."

டின்னை வாங்கினேன். மூடியைத் திறக்கவில்லை. அடிக்க முடியாது. ஏன் அடிக்கவில்லை என்று சொல்லாமலும் முடியாது.

"குச்சிக்கு அடிக்கக் கூடாது," என்றேன்.

ஏன் என்றார். சொன்னேன். அலுமினியத் தூள் என்றேன். போன வருஷம் அடித்தது நான் என்றேன். கேட்கச் சொன்ன தூரத்தில் கேட்காததும் நான் என்றேன். மேடம் வர்றேன்னாங்க, வேணாம்னு சொன்னவன் நான் என்றேன். மொத்தம் நாலு வாக்கியம். ஒரு வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

மச்சான் சாரத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்தான். இறங்கினான். பிரஷ்ஷைத் தின்னர் டப்பாவில் போட்டான்.

"அன்னிக்கி எஞ்செட்டச் சொன்னியே மாமா, ஒரு வருசமா வாயத் தொறக்கலியே," என்றான். போய்விட்டான். ஆடி வரைக்கும் வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பி வீட்டுக்கு வரவில்லையே என்று என் பெண்சாதி அழுதாள். அதுவும் என் பக்கம்.

தலைவர் திட்டினார். திட்ட வேண்டியதுதான். தோள் உடைந்தவன் வீட்டுக்கு நானே போனேன். அவன் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்காலி என்ன ஆகும் என்று ஒரு வாரம் தெரியவில்லை. பிறகு, வேற ஆளு எவன் ஒக்காருவான் என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

மேடத்துக்குப் போன் போட்டுச் சொல், திரும்பக் கூப்பிடு என்று தலைவர் சொன்னார். போட்டேன். அவர் இப்போது சிதம்பரத்தில் இல்லை. தெற்கே எங்கோ ஒரு துறைமுகத்தில் வேலையாம். சிதம்பரத்து ரிப்பேர்க் கடையைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டாராம். நம்பர் மாறவில்லை.

எடுத்ததும், சொல்லுங்கண்ணே என்றார். பின்னால் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் பீப் என்று ஒன்று. வேலையில் இருந்தார் போல. நான் பிரஷ் கழுவியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சாயத்தில் இப்போது அவர் பேரில் குறை இல்லை என்றும் சொன்னேன். முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"கேக்குதா மேடம்?"

"கேக்குது."

கேக்குது என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அவரிடம்தான் அதைக் கற்றேன்.

"நான் என்னா சொன்னேன், சொல்லுங்க."

குரல் வந்தது. மெதுவாக, செட்டில் படிக்கிற மாதிரி, வார்த்தை வார்த்தையாக.

"குச்சிக்குப் பெயிண்ட் அடிச்சது நீங்க. தூரத்துல பதில் கேக்காம விட்டது நீங்க. அத ஊருல எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீங்க."

நான் சொன்னது அதுதான்.